பின் சீட்டுக்கு அடியில் ஒரு தகடு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சம்பாதித்த காசில், காற்றிலேயே இஞ்சின் ஆறும் ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த பழைய ஆமைக் கார் ஒன்று வாங்கினேன். அதில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். காரைச் சுத்தம் செய்தபோது, பேட்டரியை மூடியிருந்த துருப்பிடித்த தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

காருக்குப் பூசை போட, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட்டேன். பாதி வழியில், "சீட்டு சுடுதுலா!" என்றார்.

"வெயில் பட்டிருக்கும்லா அக்கா."

"வெயில்ல புகை வருமாடி?"

காரை நிறுத்தி, அவரை இறக்கி, சீட்டை வெளியே இழுத்துப் போட்டேன். அக்காவின் எடையில் சீட்டுக் கம்பிகள் அமுங்கி, தகடு இல்லாத பேட்டரியின் முனைகளில் பட்டுச் சூடேறி, சீட்டுக்குள் அடைத்திருந்த நார் கனன்றுகொண்டிருந்தது. அபிஷேகத்துக்குக் கொண்டுவந்த பாலைக் கொட்டி அணைத்தேன்.

மறுநாளே தகட்டைத் தேடி மாட்டினேன். இப்போது எதையும் கழற்றுமுன், அது எதற்கென்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா இன்னமும் என் காரில்தான் கோயிலுக்கு வருகிறார், முன் சீட்டில்.