தானியம் இல்லாத நட்சத்திரம்

போன வாரம், காய்ந்த மரவள்ளிக்கிழங்கை மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். அடைக்கு இல்லை... கிறிஸ்துமஸ் ஸ்டார் குக்கிக்கு!

ஏன் இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

காரணம், சம்பந்தியம்மா வேதவல்லி. திருக்கனூர்க்காரர். அவர் மகள் ரம்யா எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் ஒதியம்பட்டில் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவர்கள் பெருமாள் பக்தர்கள். ஆனாலும் கல்யாணத்துக்கு அவர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. வேதவல்லி இன்றுவரை என்னிடம் சிரித்த முகமாகத்தான் பேசுகிறார்.

ஆனால், எங்கள் வீட்டில் ஒரு நாளும் அவர் கை நனைத்ததில்லை.

வந்தால் ஒரு காபி. மிஞ்சிப்போனால் ஒரு வாழைப்பழம். பிரியாணி வேண்டாம் என்றால் சரி, சைவம். வெறும் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவலுக்கும் ஏன் தலையாட்டல்? முறுக்கை நீட்டினால், "இப்பத்தான் சாப்ட்டு வந்தேன் சம்பந்திம்மா." திருக்கனூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், எங்கே, எப்போது சாப்பிட்டாராம்?

சம்பந்தி வீட்டில் கை நனைக்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஊரை விடுங்கள், எனக்கே வலித்தது. எங்கள் அடுப்பு ஆகாதா, இல்லை, நானே ஆகாதா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. எனக்கோ, ஒரு விஷயம் புரியவில்லை என்றால் மண்டை குடைந்துகொண்டே இருக்கும்.

இந்த முறை கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வைகுண்ட ஏகாதசி. வில்லியனூரில் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே வருகிறேன் என்று வேதவல்லி போன் செய்தார். ரம்யாவைப் பிடித்தேன்.

"உங்கம்மாவுக்கு இன்னாடி செய்யலாம்?"

"ஒண்ணும் வாணாம் அத்தே. அன்னிக்கு ஏகாதசி. தானியமே சேக்க மாட்டாங்க."

"கோதுமை?"

"ஊஹூம்."

"கேவுரு?"

"அதுவும் தானியம்தான அத்தே... விடுங்களேன்."

விடுவேனா? வருஷா வருஷம் எங்கள் வீட்டில் நட்சத்திரம், மணி, ஆட்டுக்குட்டி அச்சுகளில் மைதா குக்கி வெட்டிச் சுடுவோம். அதையே தானியம் இல்லாமல், முட்டை இல்லாமல் சுட்டால் வேதவல்லி என்ன சாக்குச் சொல்வார்? பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தானியம் எங்கெங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று. பேக்கிங் பவுடர் டப்பாவைத் திருப்பிப் படித்தால், சோள மாவு. ஐசிங் சுகரிலும் அதே. சம்பந்தமே இல்லாமல் பெருங்காய டப்பாவை எடுத்துப் பார்த்தேன் — அதில் மைதா! இத்தனை வருஷம் சமைக்கிறேன், ஒரு நாளாவது திருப்பிப் பார்த்திருப்பேனா? அன்றைக்குச் சமையலறையில் இருந்த டப்பா ஒன்றையும் நான் சும்மா விடவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகூட அவ்வளவு சோதித்திருக்க மாட்டார்.

மரவள்ளியைச் சீவி, மொட்டை மாடியில் காய வைத்து, மாவு மில்லுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் பொறி தட்டியது. எனக்கு முன்னால் யாராவது பச்சரிசி அரைத்திருந்தால்? மெஷினில் ஒட்டியிருப்பது என் மாவோடு வந்துவிடுமே! திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் மிக்ஸி.

தேங்காய்த் துருவலை வறுத்துப் பொடித்து, வெண்ணெயும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தேன். முதல் தட்டில் நட்சத்திரங்கள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. இரண்டாவது தட்டில் அச்சை எடுத்ததும் கை கால் தனித்தனியாக உதிர்ந்தது. கோதுமைக்கு இழுத்துப் பிடிக்கிற ஒரு பசை உண்டு, மரவள்ளிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மூன்றாவது முறை மாவை ஃபிரிட்ஜில் வைத்து, இறுகியதும் வெட்டினேன். ஐந்து முனையும் அப்படியே நின்றன. அடடா, என்ன சந்தோஷம்!

வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"ருசியாத்தான் இருக்குது. ஆனா, கல்லு மாதிரி இல்ல இருக்குது?"

ரம்யா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். "அத்தே... கொஞ்சம் சாஃப்டா வராதா?"

"ஏண்டி, சாஃப்டா இருந்தாத்தான் பெருமாள் ஒத்துக்குவாரா?"

அவள் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்த்தவள், மருமகள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏகாதசியன்று வேதவல்லி வந்தார். குடிலைப் பார்த்தார், ஸ்டாரைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன்.

"சம்பந்திம்மா, பயப்படாம எடுங்க. அரிசி இல்ல, கோதுமை இல்ல, முட்டை இல்ல. மில்லுலகூட அரைக்கல, மிக்ஸியிலதான் அரைச்சேன்."

"எனக்காவா?"

"பின்ன யாருக்கு?"

ஒரு நட்சத்திரத்தை எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். ரம்யாவைப் பார்த்தார். ரம்யா தரையைப் பார்த்தாள். குக்கி தட்டுக்கே திரும்பியது.

கேட்டே விட்டேன். "எங்க வூட்ல சாப்புட உங்களுக்கு மனசு இல்லியா சம்பந்திம்மா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

வேதவல்லி பதறிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது இல்லம்மா... பல்லு!"

"பல்லா?"

"எல்லாம் செட்டு. கீழ் செட்டு நிக்கவே மாட்டேங்குது. இவ கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வளைகாப்புல அதிரசத்தைக் கடிச்சேன். பல்லு அதுலயே நின்னுடுச்சி. ஜனமே பாத்துச்சி! அதுலருந்து வெளியில எங்கயும் வாயத் தொறக்கறதில்ல. சம்பந்தி வூட்ல மானம் போயிடுமேன்னு, இவகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

காபி... வாழைப்பழம்... இரண்டு வருஷமாகக் கண்ணெதிரே இருந்த சாட்சிகள்!

"அப்ப ஏகாதசி?"

"அதெல்லாம் எப்பவோ வுட்டாச்சி. சுகர் மாத்திரை போடறேன், பட்டினி கெடக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பெருமாளுக்குத் தெரியாதா?" என்றவர், அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "சோறு கொழைய இருக்குதா? ரசம் ஊத்தி நல்லாப் பெசைஞ்சி எடுத்துனு வாங்க. பசிக்குது."

தானியம்! ஏகாதசியன்று, எங்கள் வீட்டில், தட்டு நிறைய!

இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் ஒரு முறை கீழ் செட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "பாத்துக்கங்க, இதான் விஷயம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கை கழுவ எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதையும் பத்திரிகையில எழுதிடுவீங்களே" என்றார் போகும்போது. "எழுதுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.

நட்சத்திரங்கள் இன்னும் டப்பாவில் அப்படியே இருக்கின்றன. சொந்தப் பல் உள்ளவர்கள் தாராளமாக வரலாம்!