குடைக்குக் கீழே கிரைண்டர்

ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த அரசுக் குடியிருப்பில் கூரைக் காரை எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் கட்டிலுக்கு மேலே பழைய சேலையை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து உதறினால் ஒரு சொளகு நிறையச் சிமெண்டுத் தூள் சேரும். என் கிரைண்டருக்கு மேலே வெறும் சேலையை நம்ப எனக்கு மனசு வரவில்லை. பெரிய கறுப்புக் குடை ஒன்றை விரித்து, கூரையில் துருத்திக்கொண்டிருந்த கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். யாராவது வீட்டு இட்லியில் ஒரு துணுக்குக் காரை பல்லில் கடிபட்டால் போதும், என் வியாபாரம் அதோடு முடிந்தது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பஞ்சாலைக்குப் போனவள் நான். மூச்சிரைப்பு வந்து மில்லை விட்ட பிறகு, எங்கள் குடியிருப்பின் மூன்று கட்டடத்துக்கும் மாவு அரைத்து விற்றுத்தான் குடும்பம் ஓடியது. வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வேலை இருந்தால் இரண்டு நாள் இருக்காது. கவலைப்பட எனக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இறங்கி வந்து பார்க்கிற ஆள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து சொன்னார்கள், எல்லாக் கட்டடத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று. இருக்கிறவர்களுக்கு வீடு திரும்பக் கிடைக்கும். கூடவே இன்னும் இரண்டு கட்டடம் எழுப்பி வசதி உள்ளவர்களுக்கு விற்பார்கள். வாத்தியார், பேங்கில் வேலை பார்க்கிறவர், பென்ஷன் வாங்குகிற பட்டாளத்துக்காரர் எல்லோரும் எங்களோடு ஒரே கேட்டுக்குள் வருவார்கள்.

எதிர்வீட்டு மதினி வாசலில் நின்று சிரித்தாள். “ஏட்டி, இனி ஒன் ஏவாரம் அம்புட்டுத்தான். அவிய வீட்டுல பிரிட்ஜைத் திறந்தா பாக்கெட் மாவு இருக்கும். ஒன் குடைக்கடி மாவை யாரு வாங்குவா?”

“சத்தமா இருக்குன்னு கிரைண்டரையே போட விடமாட்டாகளோ மதினி?”

“போட்டுப் பாரு. செத்த நேரத்துல போலீசு வந்துரும்.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். சின்ன வயசுதான். கழுத்தில் அட்டை, கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப். கீழ்வீட்டில் அவர் குரல் கேட்கும்போதே என் மண்டைக்குள் ஒன்று ஓடியது. வீட்டில் தொழில் நடக்கிறது என்று தெரிந்தால், இது வீடில்லை, கடை என்று எழுதிவிடுவார்கள், வீடு கிடைக்காது. இப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே நினைத்து நானே பயந்தேன். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தி, மூடி போட்டு, மஞ்சள் துண்டை அதன் மேல் விரித்தேன். அம்மன் படத்தைத் தூக்கி மேலே வைத்து ஒரு செம்பருத்தியைச் செருகினேன். குடையை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை.

அவர் உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். மேலே இருந்த குடையையும் பார்த்தார். நின்று கும்பிட்டார்.

“குடையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கீக. நேர்த்திக்கடனாக்கா?”

“ஆமா மேடம்.”

“என்ன தொழில் பாக்கீக?”

“சும்மா வீட்டுலதான் இருக்கேன்.”

எழுதிக்கொண்டார். வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மதினி தன் வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே மாதிரி இடித்துக் கட்டி ஆட்கள் குடிவந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதில் பாதி பயம். மீதி, அங்கே எப்படித்தான் ஒன்றாக இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிற ஆசை. மதினியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உள்ளே போனதும், பழைய ஆட்கள் வீடு எது, விலைக்கு வாங்கினவர்கள் வீடு எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். எல்லாச் சுவரும் ஒரே நிறம். கொடியில் காய்கிற துணியை வைத்துப் பார்த்தேன். எல்லா மாடியிலும் நைட்டிதான் காய்ந்தது. மதினி வாசல் செருப்புகளை வைத்து ஒரு கணக்குச் சொன்னாள், அதுவும் சரிப்படவில்லை. ஒரு மாடியில் மட்டும் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் நிரம்பி இருந்தது. “இது நம்மாளுக வீடு மதினி,” என்றேன். வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தும் குடத்தில் பிடித்து வைப்பது நாங்களாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்தவர் ரிட்டையரான டீச்சர். வீட்டை விலைக்கு வாங்கி வந்தவர். குடத்தைக் காட்டிக் கேட்டேன்.

“வந்த புதுசுல மோட்டார் கெட்டு மூணு நாள் தண்ணி இல்லைம்மா. பழைய ஆளுங்க இருக்கிற அந்தக் கட்டடத்துல எல்லார் வீட்டுலயும் குடத்துல இருந்துச்சு. அவங்கதான் கொண்டுவந்து குடுத்தாங்க. அதுல இருந்து நாங்களும் பிடிச்சு வைக்கிறோம். ஆமா, நீங்க யாரைப் பாக்கணும்?”

“வீடு எதும் விலைக்கு வருதான்னு பாக்க வந்தோம்,” என்றாள் மதினி, கொஞ்சமும் கூசாமல்.

படி இறங்கும்போது மாவு புளிக்கிற வாசனை வந்தது. கீழ்த்தளத்தில் வரிசையாகச் சின்ன அறைகள். முதல் அறையில் இஸ்திரி, அடுத்ததில் தையல் மிஷின், மூன்றாவதில் ஒரு கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே என் வயசுப் பெண் ஒருத்தி நின்றாள்.

“விலைக்கு வாங்கி வந்தவுக ஒங்ககிட்ட மாவு வாங்குதாகளா?” என்று கேட்டேன்.

“அவியதான வாங்குதாக! ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அரிசி ஊறப்போட ஏது நேரம்? நம்மாளுக பாதிப்பேரு வீட்டுல ஆட்டிக்கிடுதாக. ஆனா புளிச்சுப்போச்சு, தண்ணியாப்போச்சுன்னு அவிய சொல்லுத நொட்டை இருக்கே...”

ஒரு பயம் போனது. “இந்த ரூம் எப்படிக் கிடைச்சது?”

“கணக்கெடுக்க வந்தப்ப தொழில் கேட்டு எழுதுனாகல்லா? அப்ப வீட்டுல வச்சுத் தொழில் பாத்தவுகளுக்குத்தான் ரூம். மேல வீட்டுக்குள்ள ஏவாரத்துக்கு ஓட்டக்கூடாதுன்னு குடியிருப்போர் சங்கத்துல சொல்லிட்டாக.”

மதினி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஓட்டக்கூடாது, அறையும் எனக்குக் கிடையாது. வீட்டைக் காப்பாற்றப்போய்த் தொழிலை நானே கும்பிட்டு வழியனுப்பியிருந்தேன்.

அடுத்த வாரம் கணக்கெடுப்புப் பட்டியலை எங்கள் குடியிருப்புச் சுவரில் ஒட்டி, திருத்தம் இருந்தால் வந்து சொல்லச் சொன்னார்கள். என் பெயருக்கு நேரே ‘இல்லத்தரசி’ என்று இருந்தது. மேஜைக்குப் பின்னால் அதே பெண். பொய் சொன்னாய் என்று வீட்டையும் பிடுங்கிக்கொண்டால்? என் முறை வரும்போதெல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். மூன்றாவது தடவை மதினி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

“மேடம், அன்னைக்கு ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்.”

“கிரைண்டரையா?” என்றார்.

டேப்பில் என் வீட்டுப் போட்டோவைத் திறந்து காட்டினார். அம்மன் படம், செம்பருத்தி, குடை எல்லாம் இருந்தது. மஞ்சள் துண்டுக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிச் சுவரில் பிளக்குக்குப் போயிருந்தது. பக்கத்தில் வாளி நிறைய ஊறிய உளுந்து.

“நானும் எம்புட்டோ கோயில்ல கும்பிட்டிருக்கேன்க்கா. பிளக்குல மாட்டுன சாமியை ஒங்க வீட்டுலதான் பாத்தேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. மதினி சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

“பொறவு ஏன் மேடம் எழுதல?”

“நீங்க சொல்லாததை நான் எப்படி எழுத? வியாழக்கிழமை வாரேன். ஓட விட்டு வையுங்க, பாக்கணும்.”

கரண்டு போய்விடுமோ, கல்லு நின்றுவிடுமோ என்று புதன்கிழமை முழுக்கச் செத்தேன். வியாழன் அவர் வந்தபோது கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்துவிட்டு, “குடை எதுக்கு?” என்றார். கூரையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுக் காரை குடைமேல் ‘டப்’பென்று விழுந்து உருண்டது. மீதியை வாசலில் நின்றுதான் எழுதினார்.

கிளம்புகிறவருக்கு ஒரு தூக்கு மாவு கொடுக்கலாமா என்று தவித்தேன். கொடுத்தால் லஞ்சம் என்று நினைப்பாரோ, கொடுக்காவிட்டால் கஞ்சப்பிசினாறி என்று நினைப்பாரோ. அவரே திரும்பி, “அரைக்கிலோ குடுங்கக்கா, விலைக்கு,” என்றார்.

திருத்திய பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘மாவு அரைத்து விற்பனை’ என்று வந்தது. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். பழைய இடத்தில் தூண்கள் எழும்பிவிட்டன. வாரம் ஒருமுறை போய், கீழ் அறைகள் எந்தப் பக்கம் வரும் என்று கொத்தனாரைக் கேட்டுவிட்டு வருகிறேன். என்னைக் கண்டாலே அவர் கையை மட்டும் நீட்டிக் காட்டுகிறார், வாய் திறப்பதில்லை. வரப்போகிற வாத்தியாரும் பேங்குக்காரரும் மாவு புளிப்பாகக் கேட்பார்களா, புளிக்காமல் கேட்பார்களா என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.