பங்காருபேட்டைக் கல்யாணத்துக்குப் போன பெட்டி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. ரயிலில் எதிரே உட்காரும் தோழிக்கு பேட்டரி கம்பெனியில் வேலை. எங்கள் ஊரில் கைவேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்த ரயில் பெட்டிகளில்தான் இருந்தோம்.

பெங்களூருக்கு வெளியேயும் புதுத் தொழில்கள் வளர வேண்டும் என்று மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் பூட்டிக்கிடந்த கட்டடம் ஒன்றைத் திறந்து, கருவிகள் வைத்து, பொதுப் பட்டறை ஆக்கினார்கள். நல்ல யோசனை உள்ளவர்கள் அங்கே செய்து பார்க்கலாம், சோதனைக்கூடச் செலவு அரசுடையது.

"எலெக்‌ஷன் வருது போல" என்றேன்.

"வரட்டுமே. நம்மகிட்ட யோசனை கீது இல்ல? போய்க் கேட்டுப் பாக்கலாம் வா" என்றாள் தோழி.

அந்த யோசனை என் வீட்டில் பிறந்தது. மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். தூசி அவர் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. ஆக்சிஜன் மெஷின் சுவர் பிளக்கை விட்டு நகராது, அதனால் அவரும் நகரவில்லை. அந்த மெஷினை ஆட்டோவிலும் ஓட்டக்கூடிய ஒரு பேட்டரிப் பெட்டி செய்ய நினைத்தோம்.

யோசனைகளைத் தேர்வு செய்ய வந்த அதிகாரி தார்வாட் பக்கத்துப் பெண். நாங்கள் செய்த மாதிரியைத் தூக்கிப் பார்த்தவர், பாதியிலேயே கீழே வைத்தார். "இதைத் தூக்குபவருக்கும் ஆக்சிஜன் தேவைப்படும்" என்றார் கன்னடத்தில். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம். அவர் எங்களைத் தள்ளிவிடவும் இல்லை. பட்டறையில் ஒரு மேஜை ஒதுக்கி, எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

நான் வேலையை விட்டேன். "இன்னா ஆவுதோ ஆவட்டும், பாத்துக்கலாம்" என்றார் கணவர். கனமான பழைய வகை பேட்டரியை விட்டு லித்தியத்துக்கு மாறினோம். எடை குறைந்தது, சூடு ஏறியது. சூடு தாங்காமல் பெட்டி தானாக அணைந்துபோகும். சூடு வெளியேறட்டும் என்று தோழி பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டாள், நான் போர்டை மாற்றி வரைந்தேன். சோதனைக்கூடத்தில் முதல்முறை தோற்று, அடுத்த முறை தேறினோம்.

அந்தச் சமயத்தில் பங்காருபேட்டையில் உறவுக்காரக் கல்யாணம் வந்தது. "நானும் வரேன்" என்றார் மாமனார்.

"மூச்சு வாங்குமே மாமா."

"பின்ன எதுக்குமா இத்த செஞ்சீங்க? ஊருக்கெல்லாம் விப்பீங்க, எனக்குக் கெடையாதா?"

ஆட்டோவில் மெஷினைக் காலடியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பச்சை விளக்கையே பார்த்தபடி போனேன். அவரோ வெளியே பார்த்து, புதிதாக வந்த கடைகளின் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "உள்ள ஆக்சிஜன் ரொப்பி வச்சிகிறாங்க, என் மருமக செஞ்சது" என்று எல்லோருக்கும் விளக்கினார். உள்ளே பேட்டரிதான் இருக்கிறது என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. பாயசம் இரண்டாவது தரம் வாங்கிக் குடித்தார்.

இப்போது பட்டறையில் எங்களோடு இன்னும் சில பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் முன்பு பெங்களூருக்குப் போய்வந்தவர்கள். விலையில் வெளிநாட்டுப் பெட்டிகள் எங்களை அடிக்கடி ஜெயித்துவிடுகின்றன. ஆனால் பழுதானால் மறுநாளே ஆள் வந்துவிடுகிறார் என்பதற்காகவே ஹூப்ளி மருத்துவமனை ஒன்று எங்களிடம் வாங்குகிறது. அந்த அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுகிறார். பேசட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு இப்போதைய கவலை மழைக்காலம்தான். பெட்டிக்கு நனையாத உறை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறோம். நீல நிறம் வேண்டும் என்கிறாள் தோழி, எனக்கு மஞ்சள்தான் பிடிக்கிறது.