இரண்டு எழுத்தோடு நின்றுபோன கம்ப்யூட்டர்

மணலி புதுநகரில் அம்மா வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு நான் தண்டையார்பேட்டைக்குத் திரும்பியபோது, முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரின் மேல் என் மாமியாரின் பழைய புடவை ஒன்று போர்த்தியிருந்தது. மானிட்டர், சிபியூ, கீபோர்டு எல்லாவற்றையும் சேர்த்து மூடி, புடவையின் நுனிகளை மேசைக் கால்களில் முடிச்சுப் போட்டிருந்தார். தூசிக்காக இருக்கும் என்று நினைத்தபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன், எட்டாம் மாதத்தில் என் வயிற்றில் அசைவு நின்றுபோயிருந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவு முழுக்கச் சாத்தாததால் எனக்கும் கேட்டது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது, இதில் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். சுடுகாட்டுக்கு என் கணவரும் அவருடைய நண்பர் ஒருவரும் மட்டும் போனார்கள். அம்மா வீட்டில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்காக அம்மா மல்லிகைப்பூவை வைத்து மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அந்த வாசனைக்கு நடுவில் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அழுகை வரவில்லை. அழச் சொல்லி எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், அப்போதும் வரவில்லை.

கம்ப்யூட்டர் எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவருக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலை. நான் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து நாங்களே பூட்டினோம். ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸும் இன்னொரு பாதியில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டமும் போட்டேன். விண்டோஸில் அவர் சிடி போட்டுப் படம் பார்ப்பார், நான் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுப்பேன். லினக்ஸ் எனக்கு மட்டும். அதில் வருகிற மெனுக்களைத் தமிழில் எழுதுகிற வேலையை ஊர் ஊராக இருந்த சிலர் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது, நானும் சேர்ந்துகொண்டேன். வயிறு பெரிதாகி மேசையில் இடித்தபோதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து எழுதினேன்.

திரும்பி வந்த இரண்டு மூன்று நாளில் புடவையின் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா துக்கம் கேட்க வந்திருந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அத்தை தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா அந்தப் பொட்டி முன்னால குந்திகினு இருந்தா. அதுல இன்னாவோ கதிர் வருதாமே. வயித்துப் புள்ள தாங்குமா?"

பக்கத்து வீட்டுக்காரம்மா ஆமாம் என்றார். விற்றுவிட வேண்டியதுதானே என்றார். அத்தை, மகனிடம் சொல்லியாகிவிட்டது, அவன்தான் பதில் பேசாமல் இருக்கிறான் என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பேசுவது தெருவில் போகிற யாரையோ பற்றியது போல இருந்தது. வெளியே டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போகிற சத்தம். ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவையை அவிழ்த்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். என்னிடம் கேட்காமலே அவர் பொத்தானை அழுத்தினார். வழக்கமாக ஆன் செய்ததும் கறுப்புத் திரையின் மூலையில் எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். அது இரண்டு சிஸ்டத்துக்கும் வாசலில் நிற்கிற ஒரு சின்ன புரோகிராமின் பெயர். பெயர் முழுதாக வந்த பிறகு எது வேண்டும் என்று கேட்கும். நாம் சொன்னால் அந்தப் பக்கம் விடும். அன்றைக்கு அந்த எழுத்துகள் எதுவும் வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

மறுபடி அணைத்துப் போட்டார். அதே வரி. சிபியூவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்தார். தட்டையான கேபிளைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். கடல் காற்றில் கேபிளின் முனை பச்சை பிடித்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே கோளாறு என்று நான் யோசித்துப் பார்த்திருக்கலாம். அந்த வீட்டில் அதை அறிந்தவள் நான்தான். ஆனால் எழுந்து நாலடி நடந்து அந்த மேசைக்குப் போவது ஆகிற காரியமாகத் தோன்றவில்லை. அது போய்விட்டது என்றால் போகட்டும் என்று இருந்தது.

அத்தை திரும்பி வந்து பார்த்தார். பாகம் பாகமாகத் தரையில் கிடந்ததைப் பார்த்ததும், அதுவே போய்விட்டது, நல்லதுதான், எடைக்குப் போட்டுவிடு என்றார். என் கணவர் திருகாணிகளை ஒரு சோப்பு டப்பாவில் பொறுக்கிப் போட்டார்.

அதன்பிறகு வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடுவார், உட்காருவார், கழற்றுவார், மாட்டுவார். எனக்கும் அவருக்கும் பேச்சு சாப்பாட்டைத் தாண்டிப் போகவில்லை.

அவருக்கு வார விடுமுறை வந்த நாளில், டோல்கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போகலாம், நீயும் வா என்றார். ஏன் வரச் சொல்கிறார் என்று கேட்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை இரண்டாலும் அதைப் பிடித்திருந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

கடைக்காரர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். திறந்து பார்த்ததுமே போர்டில் இருந்த பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். பல வாரம் போடாமல் வைத்திருந்ததால் பெட்டி தன் செட்டிங் எல்லாவற்றையும் மறந்திருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க் உண்டு என்பதையும் மறந்திருக்கிறது. புது பேட்டரி போட்டு, செட்டிங் மாற்றுகிற நீலத் திரைக்குள் போய், டிஸ்க்கைத் தேடச் சொன்னார். டிஸ்க்கைப் படிக்கிற முறைகள் மூன்று வரிகளாக வந்தன. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

கறுப்புத் திரை. எல். ஐ. அதோடு நின்றுவிட்டது.

கடைக்காரர் இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். எல், ஐ. பிறகு நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"டிஸ்க் அடி வாங்கினு கீதுபா. ரெண்டு சிஸ்டம் போட்டாலே இந்த பேஜாருதான். எல்லாத்தையும் அழிச்சிட்டு ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் மட்டும் போட்டுத் தரேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்" என்றேன்.

வெகு நாளைக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே நான் பேசிய முதல் வார்த்தை அது. கடைக்காரர் ஏன் என்று கேட்டார். அதில் என் வேலை இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. டிஸ்க்கில் அடி இல்லை என்பதும் அப்போது உறைத்தது. அந்தப் பெயர் எத்தனை எழுத்தில் நிற்கிறதோ அதை வைத்தே எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு எழுத்து வந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, தொடக்கம் ஓடியிருக்கிறது, அடுத்த பாகத்தைத் தேடிப் போன இடத்தில் அது கிடைக்கவில்லை என்று பொருள். முகவரி மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை அங்கேயே சொல்லிச் சரிசெய்யும் தெம்பு எனக்கு இல்லை. பேட்டரிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியை மேசையில் வைத்தார். அத்தை அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்பு வயிற்றுக்காகத் தள்ளிப் போட்ட இடத்திலேயே அது இருந்தது. முன்னால் இழுத்துப் போட வேண்டியிருந்தது. இழுத்தேன்.

அவர் பக்கத்தில் நின்றபடி, கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா சொல்றது மெய்யா இருக்குமா?"

"எது?"

"இதாலதான்னு. நாந்தான இத்த வாங்கினு வந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னது அவர் காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்தது என்றார். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல வாய் வரவில்லை, கழுத்து என்கிற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை என்றார். அம்மா இந்தப் பெட்டியைக் காட்டிப் பேச ஆரம்பித்ததும் பேசாமல் இருந்துவிட்டாராம். அப்படிப் பேசாமல் இருந்து இருந்து, அது உண்மையாகவும் இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் அதைக் கழற்றி மாட்டியபோது, அது ஓடக் கூடாது என்று பாதி மனசும், ஓடினால் நீ எழுந்து வந்து உட்காருவாய் என்று பாதி மனசுமாக இருந்தது என்றார்.

பொத்தானை அழுத்தி, டெலீட் விசையைத் தட்டி நீலத் திரைக்குள் போனேன். தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. எனக்குக் கல்யாணமே ஆகாத வருஷம். கடைக்காரர் அதை மாற்றாமல் விட்டிருந்தார். நாள், மாதம், வருஷம் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தேன். மாதங்கள் விரல் தட்டுக்கு ஒன்றாக ஓடின. குழந்தை போன அந்த மாதத்தையும் தாண்டினேன். விரல் நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்தேன்.

டிஸ்க்கின் வரியில் அதை எந்த முறையில் எண்ணிப் படிப்பது என்று ஓர் இடம் இருக்கும். கடைக்காரர் தட்டியதில் அது பழைய முறைக்குப் போயிருந்தது. முதலில் இருந்த முறைக்கு மாற்றி, சேமித்து வெளியே வந்தேன். எல், ஐ, எல், ஓ. எது வேண்டும் என்று கேட்டது. லினக்ஸ் என்றேன். வெகு நாளாகச் சரிபார்க்கவில்லை, ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று டிஸ்க்கை முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்தது. அதற்கு நேரம் பிடிக்கும்.

டிஸ்க் கரகரவென்று ஓடுகிற சத்தம் கேட்டு அத்தை வந்து கதவருகே நின்றார். கையில் மீன் வாசனை. மானிட்டரிலிருந்து விலகியே நின்றார். ஓடுதா என்று மகனிடம் கேட்டார். ஓடுது என்றார் அவர். பிறகு நான்தான் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னேன். கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது அத்தை, டாக்டரம்மா அன்றைக்கே இவரிடம் சொன்னார்கள், இதனால் இல்லை என்றேன். என் குரல் பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல இருந்தது.

அத்தை மகனைப் பார்த்தார்.

"மெய்யாவாடா?"

அவர் தலையாட்டினார்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல? நான் ஊரெல்லாம் இன்னா பேசிகினு கீறேன்."

என் கணவர் அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகும் அழாதவர், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தை மீன் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவர் தலையைத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. டிஸ்க் சோதனை முடிந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கொடுத்தேன். நான் கடைசியாக விட்டுப்போன கோப்பு இருந்தது. பாதி வார்த்தைகள் தமிழில், பாதி ஆங்கிலத்தில். அதைத் திறந்து, ஒன்றும் எழுதாமல், மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தபோது அத்தை தானே ஆரம்பித்து, கொடி சுத்திக்கிச்சாம், டாக்டரே சொல்லிட்டாங்க என்றார். முன்பு சொன்னதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவிழ்த்துப் போட்டிருந்த புடவையை மட்டும் துவைத்து உள்ளே வைத்துவிட்டார்.

நான் வேலையைத் தொடர்ந்தேன். ஆர்வத்தோடு என்று சொல்ல முடியாது. காலையில் உட்கார்ந்தால் மதியம் வந்துவிடும் என்பதற்காக உட்கார்ந்தேன். அந்த மெனுக்களில் பலவற்றை எப்படித் தமிழில் எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. எனக்கு அழுகை வந்தது மழைக்காலத்தில், திருவொற்றியூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு பெண் தன் குழந்தைக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தபோது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எதிர்ப்பக்கம் நின்று இன்னொரு பஸ் பிடித்து வந்தேன். வீட்டில் அவர் துறைமுகத்திலிருந்து வந்து, சட்டை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏன் லேட் என்று கேட்டார். மழை என்றேன். தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். இருவரும் அதிலேயே துவட்டிக்கொண்டோம்.