மேசைக்குக் கீழே அறுபத்திரண்டு அங்குலம்

விதி இதுதான்: அவுஸ்ஸூக், அதாவது நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கும் தூரம், இருபத்தெட்டு அங்குலத்தைத் தாண்டினால் வில் அறுபது அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஓய்வு பெறும்வரை நான் வேலை செய்த இன்டர்லாக்கன் வில் அம்புக் கடையில் இதைச் சுவரில் ஒட்டியிருந்தோம். முதலாளியின் நாற்காலிக்கு நேர் பின்னால் என்பதால் அவர் மட்டும் அதைக் கண்டதில்லை.

வில் வாங்க வந்த நிரோஜா இங்கே பிறந்த பிள்ளை, பிசியோதெரபிஸ்ட். சுவிஸில் வில்லால் வேட்டையாடத் தடை என்பதால், பிரான்ஸில் ஒரு குழுவோடு காட்டுப்பன்றிக்குப் போக இருந்தாள். அந்த அழைப்புக்காகப் பல வருடம் காத்திருந்தவள். தரையில் போட்ட மறைகூடாரத்துக்குள் குந்தியிருந்து எய்ய வேண்டும்.

முதலாளி ஐம்பத்திரண்டு அங்குல வில்லை நீட்டினார். "கூடாரத்துக்குச் சின்னதுதான் தோது. கடைசி வில்லு. தள்ளுபடியும் தாறன்." சுவிஸ் ஜெர்மனில் இது இன்னும் நம்பும்படியாக இருந்தது.

அவளுடைய அவுஸ்ஸூக் இருபத்தொன்பது.

"இழுத்துப் பாரும், பிள்ளை."

கடைசி இரண்டு அங்குலத்தில் வில் கல்லாக இறுகியது. கன்னம் வரை இழுக்குமுன்பே அம்பை விட்டுவிட்டாள்.

"நாண் விரலை நசுக்குது, அங்கிள்."

"பன்றிக்கு இப்பிடி விட்டா அரைகுறையாக் குத்துப்பட்டு ஓடும். பிறகு அந்த ஆக்கள் உம்மைக் கூப்பிடுவினமோ?"

"பயப்படுத்தாதேங்கோ. அப்ப பெரிசைத் தாங்கோ."

விதிப்படி அறுபத்திரண்டைக் கொடுத்தேன். நின்று எய்தபோது அம்புகள் ஒரே இடத்தில் போய் நின்றன. பிறகு, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தேன். குளிர் ஜாக்கெட்டைப் போடச் சொல்லி, கூடாரத்துக்குப் பதிலாகப் பொதி கட்டும் உயரமான மேசைக்குக் கீழே அவளைக் குந்த வைத்தேன். வில்லின் மேல்நுனி பலகையில் இடித்தது. கீழ்நுனி தரையில் முட்டியது.

முதலாளி சிரித்தார். "உம்மட விதி மேசைக்குக் கீழ போகாதோ?"

"உங்கட வில்லு வெளியாலயும் போகாது."

இரண்டுக்கும் நடுவே ஐம்பத்தெட்டு அங்குலத்தில் ஒரு வில் உண்டு. இருபத்தொன்பது வரை இறுகாமல் வரும். ஹங்கேரியில் ஒரு பட்டறைதான் செய்கிறது. அன்றைக்கே மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். தொலைபேசியில் ஒரு பதிவுக்குரல் என் பொறுமைக்கு நன்றி சொன்னது. நீரிழிவுக்காரர் கழிவறைக்குப் போவதுபோல் நான் கணினிக்குப் போய்ப் போய் வந்தேன்.

"வந்திட்டுதோ?" நிரோஜா தினமும் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப சின்னதோட போறன்."

"வேண்டாம், பிள்ளை."

"சீசன் முடியப்போகுது, அங்கிள்!"

கடைசியில் அறுபத்திரண்டோடு போனாள்; கூடாரத்தை விட்டு ஒரு மரத்தின் பின்னால் நிற்கக் குழுவிடம் அனுமதி கேட்டிருந்தாள். அன்று முழுக்க நான் ஒரு வாடிக்கையாளருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மாலையில் அழைத்தாள்.

"பன்றி கிட்டத்தான் வந்தது. கிளைக்குக் கீழாலதான் எய்ய வழி இருந்தது. குந்தினன், வில்லு நிலத்தில முட்டிச்சு. அம்பை விடேல்லை, வில்லை இறக்கிப்போட்டன்."

"ஆக்கள் என்ன சொல்லிச்சினம்?"

"அடுத்த முறையும் வரட்டாம். காயப்படுத்தாமல் விட்டதுக்கு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது: விதியில் தொடங்குங்கள், ஆனால் எய்யப்போகிற உடுப்போடு, எய்யப்போகிற நிலையில் ஆளை இருத்திப் பார்க்காமல் வில்லை விற்காதீர்கள். மற்றபடி, ஐம்பத்தெட்டு அங்குல வில் கையிருப்பில் உள்ளது, உடனே அனுப்பலாம் என்று பட்டறையிலிருந்து பதில் வந்தது, வேட்டைப் பருவம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை.