கோட்டை மதிலில் இருந்து எழுதிக்கொள்வது

என் கணவருக்கு வழி தெரியாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருந்து டூட்டிங்குக்குச் சாமான் வாங்கப் போனால் ஒவ்வொரு முறையும் தேம்ஸை வேறொரு பாலத்தால் கடப்போம். கேட்டால், "இதுதான் கெதியான பாதை" என்பார். அப்படிப்பட்டவர் அடித்துச் சொல்லும் ஊர் ஒன்று உண்டு. எங்கள் கலியாணத்துக்கு முன் அவர் நாலு வருஷம் இருந்த, சுவிஸ் மலையில் உள்ள பழைய கோட்டை நகரம். "கண்ணைக் கட்டி விட்டாலும் அங்கை எனக்கு வழி தெரியும்" என்பார்.

அந்த நகரம் எனக்கும் தெரியும், பதினொரு அஞ்சலட்டைகளில். எங்கள் சாதகம் பொருந்தி, நான் முடிவு சொல்ல வேண்டியிருந்த காலத்தில் அவர் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு எழுதியவை. அஞ்சலட்டை என்றால் வீட்டில் எல்லாரும் வாசிக்கலாம் என்பதால் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. எல்லாரும் வாசித்தார்கள், பக்கத்து வீட்டார் உட்பட. முன்பக்கத்தில் மலை உச்சி மதில், கூம்புக் கோபுரங்கள், கல் பதித்த தெரு. பின்பக்கத்தில் அவருடைய குண்டுக் கையெழுத்து: "பின்னேரங்களில் இந்தக் கோட்டை மதிலில் இருந்துதான் உமக்கு எழுதுகிறேன்." பதினொன்றிலும் மை அங்கங்கே கலங்கியிருந்தது. பனி விழுந்து கரைந்திருக்கும் என்று நானும் தங்கச்சியும் முடிவு கட்டினோம்.

அதே நேரம் கனடாவில் இருந்து ஒரு கணக்காளரின் பொருத்தமும் வந்தது. மதிலில் இருந்து மலையைப் பார்த்து எழுதுகிற மனுஷன் எங்கே, கணக்குப் பார்க்கிறவன் எங்கே என்று நினைத்தேன். வயது இருபத்துமூன்று, வேறென்ன நினைப்பேன்? கனடா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் இவர் லண்டனுக்கு வந்துவிட்டதால் நானும் நேராக லண்டனுக்கே வந்து சேர்ந்தேன்.

வந்த நாளில் இருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்த மதிலில் அவரோடு அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். பதினான்கு வருஷம் கேட்டேன். ஷிப்ட் என்பார், குளிர் என்பார், "அங்கை என்ன கிடக்கு, கல்லுத்தானே" என்பார். கிங்ஸ்பரியில் இருக்கும் மச்சாள், அவருடைய அக்கா, தம்பிக்கு ஒத்து ஊதுவதில் குறை வைக்கவில்லை. "கோயிலுமில்லை, சொந்தக்காரருமில்லை. உங்கை போய் ஆரின்ரை வீட்டிலை சாப்பிடப் போறியள்?" எங்கள் ஆட்கள் சுவிஸுக்குப் போவது கலியாணத்துக்கு, பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு. ஊர் பார்க்கப் போவதாகச் சொன்னால், குடும்பத்தில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள்.

கடைசியில் 2009 செப்டெம்பரில், அவருடைய பெரியப்பா மகளுக்குச் சுவிஸில் கலியாணம் வந்தது. அந்த வருஷம் யாருக்கும் கொண்டாடுகிற மனம் இல்லை. சித்திரை, வைகாசி முழுக்க ஊரில் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் வீதிகளில் கத்தித் தொண்டை வற்றிப்போன ஆட்கள் நாங்கள். சனிக்கிழமை தாலியைக் கட்டிச் சோற்றைப் போட்டு முடித்தார்கள். ஞாயிறு இரவு விமானம். "நாளைக்குக் காலமை அந்த ஊருக்குப் போறம். இல்லாட்டி நான் லண்டனுக்கு வரேல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரயில் நேரம் பார்க்கப் போனார்.

காலை எட்டு மணி ரயில் என்று திட்டம். கலியாண வீட்டார் விட்டால்தானே! பிட்டு அவிக்கிறோம், கட்டித் தருகிறோம், அந்த ஊரில் மனுஷர் தின்னக்கூடியது ஒன்றும் கிடையாது என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிட்டு, முட்டைப் பொரியல், கட்டைச் சம்பல், எல்லாம் பொதியாகிக் கையில் ஏற, பத்து மணி ரயில்தான் கிடைத்தது. சம்பல் வாசனையில் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறு பெட்டிக்குப் போனார்கள். பதின்மூன்று வயது மகள் எங்களைத் தெரியாதவள் மாதிரி நாலு வரிசை தள்ளி இருந்தாள்.

இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன். அஞ்சலட்டையில் இருந்தபடியே இருந்தது. மலைச்சரிவில் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மதில், கோபுரம் எல்லாம் அப்படியே. கூட வந்த சுற்றுலாக்காரர் அத்தனை பேரும் இடப்பக்கம், பெரிய வாசலை நோக்கிப் போனார்கள். என் கணவர் வலப்பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, சனமெல்லாம் அங்காலை போகுது."

"சனத்துக்கு என்ன தெரியும்? நாலு வருஷம் இருந்த ஊர். பேசாமல் வாரும்."

பேசாமல் போனோம். ஒரு ஒடுங்கிய சந்து. இரண்டு பக்கமும் கட்டடங்களின் முதுகு. குப்பைத் தொட்டிகள், வெறும் போத்தல் பெட்டிகள், கொழுப்பு நாறும் வாய்க்கால். ஒரு ஹோட்டலின் பின்கதவில் நின்று, "இந்தப் பச்சை மூடித் தொட்டி வெறும் போத்தலுக்கு. மரக்கறி லொறி காலமை ஆறுக்கு வரும்" என்றார். நான் வந்தது கோட்டை பார்க்க. "மதில் எங்கை?" என்று கேட்டேன். "மேலை, மேலை" என்று நடந்தார். பத்து நிமிஷத்தில் வேறொரு சந்தால் அதே பின்கதவுக்கு வந்து சேர்ந்தோம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத மாதிரிப் போனார். மூன்றாம் தரமும் அதே கதவு, அதே தேய்ந்த கல்படி. மகள் சொன்னாள், "அம்மா, இந்தக் குப்பை பின் இப்ப எங்கடை ஃபிரெண்ட்."

"ஆரிட்டையாவது வழி கேளுங்கோவன்!" என்று கத்தினேன். எப்படிக் கேட்பார்? அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொற்கள்: சுடுது, கெதியா, கத்தி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! பையைத் திறந்து, லண்டனில் இருந்து பத்திரமாகக் கொண்டுவந்த அஞ்சலட்டையை எடுத்து, நாயோடு வந்த ஒரு மனுஷியிடம் காட்டினேன். அந்த மனுஷி சிரித்துக்கொண்டு கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் மூன்று தரம் கடந்துபோன படிக்கட்டு.

நூற்றுச் சொச்சம் படிகள். நான் முன்னால் ஏறினேன், கோபம் முழங்கால் நோவை மறக்கச் செய்தது. அவர் பொதியோடு பின்னால் மூச்சு வாங்கி வந்தார். மேலே மதில் இருந்தது. எனக்குத் தெரிந்த அதே மதில். இருக்கக் கூடியதாக அகலமாகவும் இருந்தது. இருந்தேன். பதினைந்து வருஷமாக மனதில் இருந்த இடத்தில் கடைசியாக வந்து இருந்தேன். அவர் வந்து என் பக்கத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

"அட! இஞ்சை ஒரு ஆறு ஓடுதே!" என்றார்.

மதிலுக்கு நேர் கீழே, பள்ளத்தாக்கு முழுவதும் தெரிய ஓடுகிற ஆறு. நாலு வருஷம் பின்னேரம் பின்னேரமாக இங்கே இருந்து எழுதியவருக்கு அது தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன், ஒரு ஆற்றில் அகப்பட்டுக்கொண்டார்.

"நீங்கள் இஞ்சை ஒருநாளும் வரேல்லை, என்ன?"

அவர் பொதியைக் கீழே வைத்தார். "வரேல்லை."

"ஒருநாளும்?"

"காலமை ஆறுக்கு அந்த ஹோட்டலுக்குள்ளை போனா இரவுதான் வெளியிலை வாறது. லீவு நாளிலை நித்திரை. கார்ட் ஸ்டேஷன் கடையிலை வாங்கிறது. கோப்பை கழுவுற இடைவேளையிலை பின்படியிலை இருந்து எழுதுறது. கையெல்லாம் ஈரம்."

ஈரம். பனி என்று நினைத்துத் தங்கச்சியும் நானும் விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்தது கோப்பை கழுவிய தண்ணீர். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கனடாக்காரனை வேண்டாம் என்று சொன்னதே இந்த மதிலுக்காக என்று கத்தினேன். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

"கோப்பை கழுவுற இடத்திலை இருந்து எழுதுறன் எண்டு எழுதியிருந்தா, நீர் ஓம் எண்டு சொல்லியிருப்பீரோ?"

மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, சனி கலியாணத்தில் இருந்து ஒரு சொல்லும் சீராகப் பேசாத பிள்ளை, கேட்டாள்: "அப்பா, நீங்கள் கார்ட் எழுதினது, மூண்டு தரமும் நாங்கள் நிண்ட அந்தப் பின்கதவு ஸ்டெப்பிலைதானே?"

அவர் தலையை ஆட்டினார். ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் வழி தவறவே இல்லை. மூன்று தரமும் என்னை அந்தப் படிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார். மூன்று தரமும் வாய் வராமல், பச்சை மூடி, மரக்கறி லொறி என்று எதையாவது சொல்லியோ சொல்லாமலோ நடந்திருக்கிறார். நான் அவரைக் கழுதை என்றேன்.

"வாங்கோ, போவம்" என்று எழும்பினேன்.

"அரை மணித்தியாலம் எண்டீர்?"

"இஞ்சை இல்லை."

நூற்றுச் சொச்சம் படிகளையும் இறங்கினோம். பின்கதவுப் படியில் மூன்று பேர் இருக்க இடம் காணாது. மகள் ஒரு போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தாள். பொதியைப் பிரித்தேன். பிட்டு ஆறிக் கல்லாகியிருந்தது. அதையும் சொல்லாமல் விடவில்லை.

பாதி தின்ற பிறகு அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"தெரியும்" என்றார் அவர். முட்டைப் பொரியலின் பெரிய பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஈரமில்லாத கையைக் காற்சட்டையில் துடைத்தார்.