சோப்பு படாத கயிறு

எங்கள் வரிசை வீட்டில் குடியிருக்கும் வள்ளியாத்தாள், மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் ஆயா. விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி என்று சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கையைக் கழுவுகிறாளா, தோலை உரிக்கிறாளா என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். கோபிநத்தத்திலிருந்து கட்டட வேலைக்குக் கூட்டிவந்த புருஷன் செத்தபிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது.

மகள் காவேரிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. அடுத்தது பெண் குழந்தை; ஏழாம் மாதமே பிறந்து அதே வார்டின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. வள்ளியாத்தாள் மாதேஸ்வரன் மலைக்குப் போய், பிள்ளை வீடு வந்து சேரும்வரை அவிழ்ப்பதில்லை என்று வேண்டி, மணிக்கட்டில் தளர்வாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். சாமிக் கயிற்றில் சோப்பு படலாமா? கை கழுவும்போது அதை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொள்வாள். கழுவி முடித்ததும் அது தானாக இறங்கிவிடும். வார்டில் கையில் எதுவும் கட்டக் கூடாது என்பது விதி. ஆனால் சாமி விஷயம் என்றால் படித்தவர்களுக்கும் வாய் அடைத்துப்போகிறது. எனக்கு அதில்தான் கோபம்.

புதிதாக வந்த நர்ஸ் ஸ்வாதி, எல்லோர் விரல்களையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும் கிருமி வளர்க்கும் தட்டுகளில் ஒற்றி எடுத்தாள். வள்ளியாத்தாளின் கயிற்றையும் ஒன்றில் ஒற்றினாள். மறுநாள் பார்த்தால், கழுவாத விரல் பட்ட தட்டுகளில் புள்ளிகள் மொய்த்திருந்தன. கழுவிய விரலின் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. எவ்வளவு கழுவினாலும் தோலில் கொஞ்சம் மிஞ்சும் என்றாள் ஸ்வாதி. வார்டிலேயே சுத்தமான விரல்கள் வள்ளியாத்தாளுடையவை. அவள் கயிற்றின் தட்டில் மட்டும் வெறும் இடமே இல்லை.

அவள் கத்தரிக்கோலை வாங்கி அங்கேயே கயிற்றை அறுத்தாள். அன்று மாலையே காவேரியின் குழந்தை பால் இறங்காமல் துவண்டது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வாரம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

அடக்கம் செய்துவிட்டு வந்ததும் காவேரி அம்மாவின் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கயித்த அறுத்துப்போட்டயேம்மா. புள்ள ஊட்டுக்கு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வள்ளியாத்தாளுக்கு வாய் வரவில்லை. அறுத்ததே குற்றமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள் போல.

"ஆமாங்கண்ணு," என்றாள். "என் தப்புத்தான்."

காவேரி கையை விட்டுவிட்டாள். அதன்பிறகு அவள் அம்மா வீட்டுப் படி ஏறவில்லை.